மூக்கு லேசான விமானம்

அத்தியாயம் 3

சனிக்கிழமை காலை பத்தரை மணி. பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த டோரீன் துப்பறியும் நிலையத்தின் மேசைமீது ஒரு போர் விமானம் வாலை ஊன்றி உட்கார்ந்து, மூக்கை மின்விசிறியை நோக்கித் தூக்கிக்கொண்டிருந்தது.

“பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை சோபாவுல சாஞ்ச மாதிரி இருக்கு சார்,” என்றார் டோரீனின் உதவியாளர் கணேசமூர்த்தி.

அர்ஜுனனுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுகோடியில் லேத் பட்டறை வைத்திருப்பவர் அவர். நான்கு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் அந்த மேசைமேல் சாய்ந்து கிடந்தன. கடையில் வாங்கிப் படம் பார்த்து ஒட்டிய விமானம் அல்ல அது. பெங்களூரிலேயே பிறந்த மாருத் போர் விமானத்தை, முப்பத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி, பிளாஸ்டிக் தகடும் மரமும் வாங்கித் தன் கையால் வெட்டி, உப்புத்தாளால் தேய்த்துச் செய்தது. இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தாலும் இணைப்பு அகப்படாது. “கோடு தெரிஞ்சா அது பொம்மை, தெரியலைன்னாதான் விமானம்” என்று மாடல் விமான க்ளப்பில் எல்லாரிடமும் சொல்லுவார், கேட்காதவர்களிடமும் சொல்லுவார்.

அந்த க்ளப்பில்தான் போன ஞாயிற்றுக்கிழமை அவர் மானம் போயிற்று.

சர்ச் ஹாலில் போட்டி. ஜெயிக்கிறவருக்குக் கோப்பை கீப்பை இல்லை, அதைவிடப் பெரியது. புதிதாக வரப்போகும் விமான அருங்காட்சியகத்துக்கு இருபத்துநாலு விமானங்கள் செய்து தரும் வேலை. ஒவ்வொன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள். ஒவ்வொன்றின் அடியிலும் செய்தவர் பெயர். அர்ஜுனன் தன் பெயரை எந்த எழுத்தில் பொறிக்கச் சொல்ல வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தார். நடுவர்கள் முன்னால் விமானத்தை மேசையில் இறக்கி, மூன்று சக்கரமும் பதிந்ததா என்று பார்த்து, கையை எடுத்தார். மூக்கு மெல்ல மேலே எழும்பியது. வால் டொக்கென்று மேசையில் இடித்தது. நாற்பது பேர் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவன் விசில் அடித்தான்.

பக்கத்து மேசைக்காரர், பல் டாக்டர் தியோடர். அவர் கை அப்போது வாலுக்குப் பக்கத்தில் இருந்தது. அது போதாதா? “திருட்டுப் பயலே!” என்று அர்ஜுனன் அவர் காலரைப் பிடித்துவிட்டார். இருபத்தைந்து வருடச் சிநேகிதம், ஒரு சட்டைப் பொத்தானோடு போயிற்று.

க்ளப் கமிட்டி கடிதம் கொடுத்திருந்தது. இன்று மாலை நான்கு மணிக்குக் கூட்டம். விமானத்தில் யாரோ கை வைத்தார்கள் என்று நிரூபித்தால் மறுபடி போட்டி. இல்லாவிட்டால் அருங்காட்சியக வேலை தியோடருக்கு. அர்ஜுனன் பெயர் க்ளப்பிலிருந்து நீக்கம்.

“ஃபோன்ல சொன்னத மறுபடி சொல்லுங்க,” என்றார் டோரீன். தொலைபேசி நிலையத்தில் பதினெட்டு வருடம் ஆபரேட்டராக இருந்தவர். ஊர்ப் பேச்சையெல்லாம் காதில் வாங்கிப் பழகியதால் தான் அதிகம் பேச மாட்டார். அவர் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசத்தான் மூர்த்தி இருந்தார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து, ஜட்ஜ் முன்னால் அடக்கி வைத்த நக்கலையெல்லாம் ஓய்வுக்குப் பிறகு வெளியே விட்டுக்கொண்டிருப்பவர். “ஏன் வால்ல உக்காருது?” என்று கேட்டார் டோரீன்.

“எஞ்சின் ரெண்டும் பின்னாடி மேடம். முன்னாடி நீட்டு மூக்கு, உள்ள காலி. மூணு சக்கரத்துல நிக்கணும்னா மூக்குல எடை போடணும். ஒவ்வொருத்தனும் ஒண்ணு போடுவான். தூண்டில் ஈயம், பேரிங் குண்டு... உடம்ப மூடி ஒட்டறதுக்கு முன்னாடியே போட்டுடணும்.”

“நீங்க என்ன போட்டீங்க?”

“பேரிங் குண்டு. மூடி, பெயின்ட்டெல்லாம் அடிச்சப்புறம் பாத்தா இன்னும் கொஞ்சம் பத்தல. அதனால விமானி சீட்டுக்குக் கீழ ஒரு வெண்கலத் துண்டு வச்சேன். அப்புறம் மேல கண்ணாடி மூடிய ஒட்டினேன். ஜம்முனு நின்னுச்சு.”

இந்த இடத்தில் அர்ஜுனன் ஒன்றை விட்டுவிட்டார். பொய் சொல்லவில்லை, விட்டுவிட்டார். ஒன்றரை மாதமாக அதைத் துண்டு, துண்டு என்றே மனத்துக்குள் சொல்லிப் பழகியதில், அது வேறு எதுவாகவும் இருந்ததே இல்லை என்று அவருக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது.

“நின்னதுக்குச் சாட்சி?”

அர்ஜுனன் சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து வைத்தார். “ஆயுத பூஜை அன்னிக்கு எடுத்தது மேடம். பாருங்க, மூணு சக்கரம்.”

படத்தில் வெர்னியர், ட்ரில் பிட்டுகள், ஸ்பானர் செட், ஸ்கூட்டர் சாவி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். நடுவில் சாமந்திப்பூ சூடி, மூன்று சக்கரத்தில் கம்பீரமாக மாருத். பின்னால் சுவரில் சாய்த்து வைத்த ஒரு பழைய மரப் பேட்.

“இது யாரோடது?”

“வீட்ல... வேதாவோடது. முன்னாடி பூப்பந்து ஆடுவா. வருஷா வருஷம் அதையும் பூஜையில வைப்பா.”

“ஓஹோ,” என்ற டோரீன், படத்தைத் திருப்பித் தரவில்லை. கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “பூஜைக்கு அப்புறம் விமானம் எங்க இருந்தது?”

“வீட்ல, ஷோகேஸ் மேல. கம்பி ஸ்டாண்டுல மாட்டி, மேல துணி போட்டு மூடி வச்சிருந்தேன். சக்கரம் கீழ படாது. போட்டி அன்னிக்கு அப்படியே பெட்டிக்குள்ள ஸ்பாஞ்சுல வச்சு எடுத்துட்டுப் போனேன்.”

“அப்போ பூஜைல இருந்து போட்டி வரைக்கும், நாலு வாரம், அது சக்கரத்துல நிக்கவே இல்ல. எடை போனது ஹால்லதான்னு எப்படிச் சொல்றீங்க?”

அர்ஜுனன் விமானத்தின் மூக்கை விரலால் அமுக்கிப் பிடித்தார்.

டோரீன் குனிந்து விமானியின் அறையைப் பார்த்தார். “இந்தக் கண்ணாடி ஏன் வெள்ளை பூத்திருக்கு?”

“நவம்பர் பனி மேடம். ஹால்ல ஈரம்...” என்று சொல்லியபடியே அர்ஜுனன் கட்டைவிரலால் துடைத்தார். போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோபத்தில் பெட்டியை மூடியவர், ஆறு நாளாக அதைத் திறந்து பார்க்க மனம் வராமல் இருந்தார். இப்போதுதான் சரியாகப் பார்த்தார். வெள்ளை உட்புறத்தில் இருந்தது.

“ஐயோ,” என்றார். “எவனோ டியூப் பசை போட்டிருக்கான்.”

“அப்படின்னா?”

“செருப்பு ஒட்டறதுக்கு விக்கிறாங்களே, அஞ்சு ரூபா டியூப், தொட்ட உடனே பிடிச்சுக்கும். அதுல இருந்து ஒரு ஆவி வரும் மேடம். மூடின இடத்துல அது கண்ணாடியில போய்ப் படிஞ்சு இப்படி வெள்ளை பூத்துடும். அதனாலதான் இந்த மூடிக்கு மட்டும் நாங்க ஃபெவிகால் போடறது. க்ளப்ல நேத்து சேர்ந்தவனுக்குக்கூட இது தெரியும். எங்க ஆளுங்க எவனும் செத்தாலும் இத...”

அங்கே அவர் நிறுத்திக்கொண்டார்.

“செத்தாலும் பண்ண மாட்டாங்க,” என்று முடித்து வைத்தார் டோரீன். “தியோடர் உங்க ஆளுதானே?”

“அவன் படிச்சவன் மேடம். வேணும்னே தெரியாதவன் மாதிரி பண்ணியிருப்பான்.”

“நல்லாயிருக்கே,” என்றார் மூர்த்தி. “பசை சரியா இருந்தா தெரிஞ்சவன், அதனால தியோடர். பசை தப்பா இருந்தா தெரியாத மாதிரி நடிக்கிறவன், அதனாலயும் தியோடர். அந்த டாக்டருக்கு மழை பெய்யறதுலயாவது சம்பந்தம் இல்லாம இருக்குமா சார்?”

“எழுந்திரிங்க,” என்றார் டோரீன். “டாக்டர்கிட்டயே திறக்கச் சொல்வோம்.”

*

தியோடரின் க்ளினிக் இரண்டு தெரு தள்ளி. வாசலில் காத்திருந்து, ஒன்றரை மணிக்குக் கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வர, இவர்கள் பெட்டியோடு உள்ளே போனார்கள். ஆள் ஒல்லி, தலை நரைத்து, கண்ணில் பூதக்கண்ணாடி. அர்ஜுனனைப் பார்த்ததும் கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்தார்.

“என்னடா, மறுபடியும் சட்டையப் பிடிக்க வந்தியா? இன்னிக்கு காலர் இல்லாத பனியன் போட்டிருக்கேன். கஷ்டம்.”

அர்ஜுனன் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தை உற்றுப் பார்த்தார். அவ்வளவு பற்களை ஒன்றாகப் பார்க்க அவருக்கு இதற்கு முன் தோன்றியதே இல்லை.

டோரீன் விஷயத்தைச் சொன்னார். தியோடர் விமானத்தை வாங்கி, நோயாளி நாற்காலியின் தட்டில் ஒரு துணி விரித்து வைத்து, விளக்கை இழுத்தார்.

“வலிச்சா இறக்கைய தூக்கச் சொல்லுங்க டாக்டர்,” என்றார் மூர்த்தி.

தியோடர் சிரித்தார். பல் நோண்டும் ஊசியைக் கண்ணாடி விளிம்பில் விட்டு மயிரிழை மயிரிழையாக நெம்பினார். அர்ஜுனன் தன்னை அறியாமல் பக்கத்தில் போய் நின்று விமானத்தின் மூக்கைப் பிடித்துக்கொண்டார். இருபத்தைந்து வருடமாக இப்படித்தான். ஒருவர் பிடிக்க, மற்றவர் நெம்புவார்.

“அன்னிக்கு ஹால்ல உங்க கை வால் பக்கத்துல என்ன பண்ணிச்சு டாக்டர்?” என்றார் டோரீன், ஏதோ கடிகாரம் என்ன மணி காட்டுகிறது என்று கேட்பதுபோல.

“மூக்கு மேல போறத பாத்தேன். வால் ஒடஞ்சிடுமேன்னு கைய குடுத்தேன். எட்டல.” தியோடர் தலையைத் தூக்கவில்லை. “நாலு வருஷ வேலை மேடம் அது. அதுல பாதி நாள் நானும் பக்கத்துல உக்காந்திருந்தேன்.”

அர்ஜுனனுக்குக் காது சூடாயிற்று. நடித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துப் பார்த்தார். அந்த நினைப்பு நிற்கவில்லை. அதுவும் வாலில் உட்கார்ந்தது.

மூடி ‘டிக்’ என்று கழன்றது. தியோடர் சின்ன டார்ச்சை அடித்தார்.

“சீட்டு கோணலா நிக்குது. எடுத்து மறுபடி வச்சிருக்காங்க.” ஊசியால் சீட்டைத் தூக்கி வெளியே வைத்தார். “கீழ பள்ளம் காலி. உன் துண்டு போயிடுச்சு. ஆனா பேரிங் குண்டு மூக்குக்குள்ள அப்படியே மின்னுது, அத்தனையும்.” சீட்டைத் திருப்பிப் பார்த்தார். “அர்ஜுனா, பெல்ட் எங்கடா?”

“என்ன பெல்ட்?” என்றார் டோரீன்.

“விமானி பெல்ட் மேடம். போன மாச மீட்டிங்ல கொண்டுவந்து காட்டினான், நாங்கல்லாம் வாயப் பொளந்தோம். நாங்க ஈயத் தாள்ல வெட்டி ஒட்டுவோம். இவன் நெஜத் துணில, ரெண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு, டீத்தண்ணில முக்கி நிறம் ஏத்தி, நாலு பட்டை. ஒரு ஓரத்துல பச்சைக் கோடுகூட தெரியும்.”

“அது எவ்வளவு எடை இருக்கும்?”

“எடையா? ஊதினா பறந்துடும்.”

டோரீன் நோயாளி நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். “அப்போ ஒரு சந்தேகம். விமானத்த வால்ல உக்கார வைக்கணும்னு வந்தவன், குண்டு அத்தனையும் விட்டுட்டு, எடையே இல்லாத பெல்ட்ட ஏன் எடுத்துட்டுப் போகணும்?”

“கார்ல போட்டுக்கத்தான் இருக்கும், இல்லாட்டி போலீஸ் அபராதம் போடுவாங்களே,” என்றார் மூர்த்தி.

“மூர்த்தி.”

“சரி மேடம்.”

“கெடுக்க வந்தவன் கெடுத்துட்டுப் போவான். இங்க வந்தவங்க கெடுக்க வரல. ஒரு வெண்கலம், ஒரு துணி. ரெண்டு மட்டும் வேணும்னு தேடி எடுத்திருக்காங்க. எடுத்துட்டு, மூடி விழுந்துடக் கூடாதுன்னு, தெரிஞ்ச பசையப் போட்டு ஒழுங்கா ஒட்டியும் வச்சிருக்காங்க.” டோரீன் அர்ஜுனனைப் பார்த்தார். “அந்தத் துண்டும் அந்தத் துணியும் ஒரே பொருள்ல இருந்து வந்ததா மிஸ்டர் அர்ஜுனன்?”

அர்ஜுனனுக்கு யார் எடுத்தார்கள் என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. இனிமேல் இவர்கள் ஓரடியும் எடுத்து வைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

“கேஸ் வேணாம் மேடம்,” என்றார். “விட்டுடலாம். இருக்கட்டும். போட்டி தானே... போனா போகுது.”

தியோடர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார்.

“எத விட்டுடலாம்?” என்றார். குரல் உயரவில்லை, அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. “நாப்பது பேர் முன்னாடி என்னைத் திருடன்னு சொன்ன. என் பேஷண்ட் ரெண்டு பேர் அங்க உக்காந்திருந்தாங்க. டோரீன் மேடம்கிட்ட வந்து என் பேரக் குடுத்திருக்க. யாருன்னு தெரியாதவரைக்கும் விட முடியல, தெரிஞ்சதும் விட்டுடலாமா? அப்ப நான் திருடனாவே இருந்துட்டுப் போறேனா?”

அர்ஜுனன் விமானத்தையும் கழன்ற மூடியையும் பெட்டிக்குள் எடுத்து வைத்தார்.

“நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு,” என்று எழுந்தார் டோரீன். “தொம்மலூர்ல உங்க வீட்டுக்குப் போய்ட்டு வந்துடலாம். டாக்டர், நீங்க நேரா ஹாலுக்கு வந்துடுங்க.”

*

மூர்த்தியின் பழைய ஃபியட் வழியெல்லாம் இருமிக்கொண்டே போயிற்று. பின்சீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அர்ஜுனன் உட்கார்ந்திருந்தார். அல்சூர் தாண்டும்போது மூர்த்தி ஒரு தடவை கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு, பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

கதவைத் திறந்தது வேதநாயகி. உயரமான பெண்மணி, ஐம்பதை நெருங்கும் வயதிலும் நிமிர்ந்த தோள். கணவரையும் பெட்டியையும் கூட வந்தவர்களையும் ஒரு தடவை பார்த்தார். “வாங்க, உக்காருங்க,” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுத்துவரப் போனார்.

டோரீன் உட்காரவில்லை. நேரே ஷோகேஸுக்குப் போனார். அதன் கண்ணாடி இடுக்கில் குடும்பப் படங்கள் செருகியிருந்தன. ஒன்றை உருவி, கைப்பையிலிருந்து மற்றதை எடுத்துப் பக்கத்தில் பிடித்தார். போன வருட ஆயுத பூஜை; இந்த வருட ஆயுத பூஜை. அதே வெர்னியர், அதே ஸ்பானர். இந்த வருடம் விமானம் புதிது. போன வருடப் படத்தில் பேட்டின் கைப்பிடியில், பச்சையும் வெள்ளையும் கோடு போட்ட நாடாவில், வட்டமாக ஒன்று தொங்கியது. இந்த வருடப் பேட் மொட்டையாக நின்றது.

மூர்த்தி எட்டிப் பார்த்தார்.

வேதநாயகி தம்ளர்களோடு வந்தார்.

“எந்த வருஷம் ஆடினீங்கம்மா?” என்றார் டோரீன்.

“எழுபத்தஞ்சு. ஸ்டேட் மீட். எங்க டீம் மூணாவது இடம்.” யோசிக்காமல் வந்தது பதில். “கல்யாணத்துக்கு முந்தின வருஷம்.”

“மெடல் எங்க இருக்கு?”

வேதநாயகி தம்ளரை மேசையில் வைத்தார். கணவரைப் பார்க்கவில்லை. உள்ளே போனார். பீரோ கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஒரு கைக்குட்டையை மேசைமேல் விரித்தார். வட்டத்தை நாலாக அறுத்த வெண்கலத் துண்டுகள் நான்கு. டீ நிறம் ஏறிய நாடாப் பட்டைகள் நான்கு. பின்பக்கம் பொறித்திருந்த பெயர் சரியாக நடுவில் அறுபட்டு, பாதி ஒரு துண்டிலும் பாதி இன்னொன்றிலும் இருந்தது.

“நீங்க போலீஸா?” என்றார் வேதநாயகி.

“இல்லம்மா. உங்க வீட்டுக்காரர்தான் எங்கள வச்சிருக்கார். எடுத்தது யாருன்னு கண்டுபிடிக்க.”

“அப்படியா,” என்றார் வேதநாயகி. இப்போதுதான் கணவரைப் பார்த்தார். “என்னைக் கண்டுபிடிக்க ஆள் வச்சீங்களா?”

“வேதா, நான் உன்னை நெனைக்கவே இல்ல...”

“தெரியும். நெனைக்கவே இல்ல.”

அர்ஜுனன் பெட்டியை மேசைமேல் இறக்கினார். “அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. கடையெல்லாம் மூடியிருந்தது, பட்டறை வரைக்கும் போய் வர சோம்பல். தட்டையா, கனமா ஏதாவது வேணும். டிராயர்ல அது கெடந்தது. நீ கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்...”

“கேட்டேனே. மூணு தடவ கேட்டேன். பூஜைக்கு முந்தின நாள் பேட்ட துடைச்சு வச்சுட்டு, மெடல் காணோமேன்னு கேட்டேன். ‘இங்கதான் எங்கயாவது இருக்கும்’னீங்க.” அவர் டோரீன் பக்கம் திரும்பினார். பெண்ணிடம் சொல்வது எளிதாக இருந்தது போலும். “அதோட விட்டிருந்தா பரவால்லம்மா. பரண்ல இருந்து ட்ரங்குப் பொட்டிய இவரே இறக்கினார். என் பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு புடவையா உதறி, ரெண்டு மணி நேரம் என்கூடச் சேர்ந்து தேடினார். பாவம், எனக்காக இவ்வளவு மெனக்கெடறாரேன்னு காபி போட்டுக் குடுத்தேன்.”

மூர்த்தி ஜன்னல் பக்கம் போய்த் தெருவைப் பார்த்தார்.

“ஒரு வாரம் கழிச்சு தூசு தட்டறேன். மேல போட்ட துணிய எடுத்தா, கண்ணாடிக்குள்ள பச்சைக் கோடு. என் நாடாவ எனக்குத் தெரியாதா? ஊசியால மூடியத் திறந்தேன். சீட்டத் தூக்கினேன். கீழ இது.” துண்டுகளை விரலால் சேர்த்து வட்டமாக்கப் பார்த்தார். ரம்பம் தின்ற இடைவெளியில் வட்டம் கூடவில்லை. “என் வாழ்க்கையில என் பேர் போட்டு யாரோ குடுத்தது இது ஒண்ணுதான். உங்க பேரக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கறதுக்கு என் பேர அறுத்திருக்கீங்க.”

ஆறு நாளாக உலகத்தில் தன்னைப்போல் ஏமாந்தவன் கிடையாது என்று அர்ஜுனன் நினைத்துக்கொண்டிருந்தார். சிநேகிதன் முதுகில் குத்திவிட்டான் என்று சோறு இறங்காமல் கிடந்தார். அந்தத் துக்கம் இப்போது கையில் எடுத்துப் பார்த்தால் தன்னுடையதே இல்லை. அது முழுக்க எதிரில் நிற்கிறவளுடையது. இன்னொரு பங்கு க்ளினிக்கில் பனியனோடு நின்றவனுடையது. வெட்கத்தில் அவருக்குக் கண் கலங்கியது.

“கெடுக்கணும்னு பண்ணலம்மா,” என்று வேதநாயகி டோரீனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “அத எடுத்தா வால்ல உக்காரும்னு எனக்கு எப்படித் தெரியும்? என்னோடத எடுத்துக்கிட்டேன். மூடி விழுந்துடக் கூடாதேன்னு செருப்புக்கு வாங்கின பசைய வச்சு ஒட்டினேன். ஞாயித்துக்கிழமை இவர் வந்து, தியோடர் பண்ணிட்டான்னு குதிச்சார். அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல. தியோடர் அண்ணனுக்கு நான் பண்ணது தப்புதான்.” கைக்குட்டையின் முனையை இழுத்துவிட்டார். “தெரிஞ்சுகிட்டே தெரியாத மாதிரி எப்படி இருக்க முடியுதுன்னு பாத்தேன். இருக்க முடியுது. ஆனா சோறு இறங்கல.”

அர்ஜுனன் துண்டுகளைக் கையில் எடுத்தார். கண்ணீரோடேயே அவர் கட்டைவிரல் ரம்பம் அறுத்த விளிம்பைத் தடவிப் பார்த்தது. பட்டறைக்காரன் கை அது, சும்மா இருக்காது.

“இத நான் சரி பண்ணிடறேன் வேதா. இன்னிக்கே பட்டறைக்கு எடுத்துட்டுப் போய், பித்தளை பத்த வச்சு, உப்புத்தாள் போட்டு, பாலிஷ் குடுத்தா கோடே தெரியாது. சத்தியமா, அறுத்ததே தெரியாது.”

வேதநாயகி அவர் கையிலிருந்து துண்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

“ஒட்டிக் குடுங்க,” என்றார். “கோடு தெரியட்டும்.”

சுவர்க் கடிகாரம் மூன்றே கால் காட்டியது. டோரீன் போன வருடப் படத்தைப் பழையபடி கண்ணாடி இடுக்கில் செருகினார். “என் வேலை முடிஞ்சது. ஹாலுக்குப் போறதும் போகாததும் உங்க இஷ்டம். ரிப்போர்ட்டுல நடந்தத மட்டும்தான் எழுதுவேன். அது உங்ககிட்டதான் வரும். யாருக்கும் காட்டணும்னு கட்டாயம் இல்ல.”

போகாவிட்டால் பெயர் நீக்கம், அவ்வளவுதான். தியோடர் திருடனாகவே இருந்துவிட்டுப் போவான். வேதாவின் பெயர் வெளியே வராது. வசதியான ஒரு மௌனம் அர்ஜுனன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு மணி நேரம் ட்ரங்குப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்த அதே மௌனம்.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். “போலாம் மேடம்.”

“இருங்க. நானும் வரேன்.” வேதநாயகி கைக்குட்டையை முடிச்சுப் போட்டார். “மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காதீங்க. என்ன சொல்றீங்கன்னு கேக்கத்தான் வரேன்.”

நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஃபியட் சர்ச் ஹால் வாசலில் இருமி நின்றது. கமிட்டிக்காரர்கள் மேடையில் இருந்தார்கள். கீழே நாற்பது பேருக்கு ஒருவர்கூடக் குறையவில்லை; விசிலடித்தவனும் வந்திருந்தான். தியோடர் கதவோரம் கை கட்டி நின்றிருந்தார். வேதநாயகியைப் பார்த்ததும் அவர் கை தானாக அவிழ்ந்தது.

மூர்த்தி வழக்கம்போல டோரீனின் காதருகே குனிந்தார். டோரீன் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

அர்ஜுனன் மேசையில் விமானத்தை இறக்கிக் கையை எடுத்தார். மூக்கு எழும்பி, வால் டொக்கென்று இடித்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, முன்வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்து மனைவிக்குப் போட்டார். பிறகு கதவோரம் நின்ற தியோடரைப் பார்த்தபடி, நின்றுகொண்டே பேச ஆரம்பித்தார்.

“இதுக்குள்ள நான் என்ன எடை போட்டேன்னு மொதல்ல சொல்லிடறேன்.”